மகிழுந்தின் முனகலும் பால்மரத்தின் வரலாறும்

 

காலையில் பள்ளி வாசலில் கடமைக்கு நிற்கும் ஆசிரியருக்கு ஒரு திறமை தானாகவே வளர்ந்துவிடுகிறது. தலை நிமிராமலே, எந்த மாணவன் வந்து இறங்குகிறான் என்று ஓசையைக் கொண்டே சொல்லிவிடலாம். நம் ஆயர் தாவார் வட்டாரத்தில் பழைய மகிழுந்துகளுக்குக் குறைவில்லை. அவற்றைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, அகலச் சக்கரம் மாட்டி ஓட்டும் இளந்தந்தையர்க்கும் குறைவில்லை. வாசலில் இருக்கும் வேகத்தடையில் ஒரு வண்டி ‘லொடலொட’ என்கிறது. இன்னொன்று ‘கிறீச்’ என்கிறது. மூன்றாவது ஒன்று, தடையில் ஏறும்போது சும்மா இருந்து, இறங்கும்போது மட்டும் ஒரே ஒரு முறை ‘டொக்’ என்கிறது.

அந்த மூன்றாவது ஓசையைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். காரணத்தைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கதை சொல்லும் போட்டிக்காக நான்கு மாணவர்களை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு சித்தியவானுக்குப் போனேன். வண்டி, என் அக்காள் மகனிடமிருந்து வாங்கிய பழைய புரோட்டோன் வீரா. அவன் அதன் சுருள்வில்லை மாற்றி, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தாழ்த்தி வைத்திருந்தான். வழி நெடுகப் பள்ளத்திற்குப் பள்ளம் ‘டொக்... டொக்’. பின்னிருக்கையில் இருந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் கேட்டான்: “சார், இது இரட்டைக்கிளவியா?” எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த ஓசைக்காக அதற்கு முன்பே ஒரு பட்டறையில் இரு முறை அப்சோர்பர் மாற்றி, சில நூறு வெள்ளி செலவழித்திருந்தேன். ஓசை போகவில்லை. ‘தாழ்த்திய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன்.

அந்த ஓசையின் காரணத்தைக் கண்டுபிடித்தவர், ஒரு காலத்தில் தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்த பெரியவர் ஒருவர். துரையின் மோரிஸ் மைனரையும் பால் ஏற்றும் லாரியையும் பழுது பார்த்துக் கை பழகியவர். அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அவர் செய்ததைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்பட்டது. அந்த வரலாறு பாதி நம் பேராக் மண்ணிலேயே கிடக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

வண்டி ஓடினால் அதிரும். அதிர்ந்தால் உலோகம் உலோகத்தோடு மோதும். மோதினால் ஓசை. இது மாட்டு வண்டிக் காலத்திலிருந்தே உள்ள கதை. மயிலிறகு ஏற்றினாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் பாடினார். முறிவதற்கு முன் அது எப்படி முனகியது என்பதை அவர் பாடவில்லை. வண்டிக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மை செய்து அச்சுக்குப் போட்டார்கள்.

இங்கிலாந்தில் 1804-ஆம் ஆண்டு ஒபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிக்கு இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில்லைப் பொருத்தினார். இன்று லாரிகளுக்கு அடியில் நாம் காணும் பட்டை ஸ்பிரிங் அந்த மரபைச் சேர்ந்தது. 1908-இல் வந்த போர்டு மாடல் டி மகிழுந்தும் அத்தகைய பட்டை வில்லின் மீதுதான் உட்கார்ந்திருந்தது. வில் குலுக்கலைக் குறைத்தது, ஓசையைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஓர் இரும்பு ஊசி, ஓர் இரும்புத் துளை, இடையில் கிரீஸ். கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். துளை தேய்ந்தால் தட்டும்.

இந்த இடத்தில்தான் நம் பால்மரம் கதைக்குள் வருகிறது.

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இரப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டவர் பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ. அந்த வழியில் நின்ற பழைய மரம் ஒன்று கோலகங்சாரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்வோர் அரண்மனையோடு திரும்பிவிடாமல் அதையும் காட்டலாம். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் ஹென்றி ரிட்லி வகுத்துத் தந்தார். அதற்குள் டன்லப் 1888-இல் காற்றடைத்த சக்கரத்தைக் கொண்டு வந்திருந்தார். மகிழுந்து பெருகப் பெருகச் சக்கரத்திற்கு இரப்பர் வேண்டியிருந்தது. இரப்பருக்கு நம் முன்னோர் வேண்டியிருந்தனர். கங்காணி வழி வந்ததும், பெரட்டுக்களத்தில் விடியுமுன் பேர் கொடுத்ததும், மங்கு மங்காகப் பாலைச் சேர்த்துக் காண்டாவில் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்ததும் நம்மில் பலருடைய வீட்டுக் கதைகள். என் தந்தையார் வீட்டிலும் அதே கதைதான்.

ஆனால் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். இரப்பர் என்றால் நமக்குச் சக்கரம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. மகிழுந்தின் அமைதிக்கு இரப்பர் செய்த தொண்டு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கட்டைவிரல் பருமனுள்ள சிறு சிறு உருளைகளாக, மூட்டுக்கு மூட்டு ஒளிந்துகொண்டிருக்கிறது. பட்டறையில் அதன் பெயர் ‘புஷ்’.

1931-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் மகிழுந்தின் இயந்திரத்தை இரப்பர்த் தாங்கிகள் மீது உட்கார வைத்தது. ‘மிதக்கும் ஆற்றல்’ என்று அதை விளம்பரம் செய்தார்கள். பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் அந்த முறையை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டு, நீந்தும் அன்னப்பறவையை அதற்குச் சின்னமாக்கியது. அந்தப் பத்தாண்டுகளில் இன்னொரு வேலையும் நடந்தது. ஓர் இரும்புக் குழாய்க்குள் இன்னொரு சிறு இரும்புக் குழாய். இரண்டிற்கும் இடையில் இரப்பர். இரப்பர் இரண்டு குழாய்களோடும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இரும்போடு இரப்பரைச் சேர்ப்பது எளிதன்று. முதலில் இரும்புக்குப் பித்தளை முலாம் பூசி, அதன் மேல் இரப்பரை வேகவைத்து ஒட்டினார்கள். இரப்பர் மூட்டுகளில் ஒரு வகைக்கு ‘சைலண்ட்பிளாக்’ என்றே வணிகப் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே மௌனம்!

இந்த மூட்டின் நுட்பத்தை ஆசிரியர்கள் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். மற்ற மூட்டுகளில் ஊசி துளைக்குள் சுழலும். இதில் எதுவும் சுழலாது. உள் குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வெளிக் குழாயைக் கரம் பிடித்துக்கொள்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது இடையிலுள்ள இரப்பர் துணி பிழிவதைப் போலத் திருகிக்கொண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. உரசல் இல்லை, ஆகவே கிரீஸ் வேண்டாம், ஆகவே ஓசையும் இல்லை. அதிர்வை அது தனக்குள் வாங்கிச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகிறது.

செயற்கை இரப்பர் எவ்வளவோ வந்த பிறகும் இத்தகைய மூட்டுகளுக்கு மரத்துப் பாலில் செய்த இரப்பரையே இன்றும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். இழுபடும்போது அதன் நீண்ட இழைகள் வரிசையில் நின்று படிகமாக இறுகுகின்றன. வெடிப்பு ஒன்று தோன்றினால் அதன் முனையிலேயே இறுகி, மேலும் கிழியாமல் தடுக்கின்றன. இழுவிசை போனதும் மறுபடி இளகிவிடுகின்றன. இதையெல்லாம் ஆராய 1938-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அது மலேசிய இரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வுக் கழகமாகி, இன்று ஹெர்ட்போர்டுசியரில் துன் அப்துல் ரசாக் பெயரைத் தாங்கிய ஆய்வு மையமாக இருக்கிறது. இலண்டனில் நிலத்தடித் தொடர்வண்டி நிலையத்தின் மேல் கட்டப்பட்ட அல்பனி கோர்ட் என்னும் அடுக்குமாடி, 1966-இல் இரப்பர்த் தாங்கிகள் மீது எழுப்பப்பட்டது. கீழே வண்டி ஓடினாலும் மேலே தூக்கம் கெடாது. நம் ஊர் லயத்தில் மழை பெய்தால் தகரக் கூரை போடும் சத்தத்தில் தூங்கியவர்கள் வெட்டிக் கொடுத்த பால், இலண்டன்காரர் தூங்குவதற்கு அப்படிப் பயன்பட்டது. (இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.)

மகிழுந்துக்குத் திரும்புவோம்.

1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனர் நம் நாட்டுத் தோட்டங்களில் பலர் பார்த்துப் பழகிய வண்டி. அதன் முன்சக்கரத்தின் கீழ் மூட்டு, திருகாணி வெட்டிய ஓர் உறுப்பு. அதற்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்க மறந்தால் மரை தேய்ந்து, ஒரு நாள் மூட்டு கழன்று, சக்கரம் ஒரு பக்கமாக மடங்கி வண்டி முட்டி போட்டு உட்கார்ந்துவிடும். மைனர் வைத்திருந்தவர்கள் அனைவரும் அறிந்த செய்தி இது. நான் சொன்ன பெரியவர், தம் இளமையில் கிரீஸ் துப்பாக்கியோடு வண்டிக்கு அடியில் கழித்த நேரமே அதிகம் என்பார்.

1950-இல் இங்கிலாந்தில் போர்டு கன்சல் அறிமுகமானது. அதில் எர்ல் மெக்பர்சன் என்ற பொறியாளரின் அமைப்பு இருந்தது. சுருள்வில்லையும் அப்சோர்பரையும் ஒரே தூணாக்கி, தூணின் தலையை இரப்பர்த் தலையணை ஒன்றின் வழியாக உடலோடு சேர்த்து, அடியை ஒரே ஒரு கீழ்க்கரத்தில் நிறுத்திவிட்டார். மலிவு, எளிமை, இடம் மிச்சம். 1985 ஜூலை 9-இல் டாக்டர் மகாதீர் அறிமுகப்படுத்திய புரோட்டோன் சாகா, 1993-இன் வீரா, 1994-இன் பெரோடுவா கஞ்சில், 2005-இன் மைவி என நம் பள்ளி வாசலுக்கு வரும் வண்டிகளின் முன்பகுதியில் இருப்பதெல்லாம் மெக்பர்சனின் தூண்தான்.

1959-இல் வந்த மினி இன்னும் ஒரு படி மேலே போனது. அதற்கு இரும்பு வில்லே கிடையாது. அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த இரப்பர்க் கூம்புதான் வில். மோல்டனின் முப்பாட்டனார் ஸ்டீபன் மோல்டன், அமெரிக்கரான குட்இயர் கந்தகத்தோடு வேகவைத்த இரப்பரின் மாதிரிகளை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்து, 1848-இல் இரப்பர் ஆலை தொடங்கியவர். பாட்டன் தொழிலைப் பேரன் சக்கரத்தின் மேல் ஏற்றினான் என்று சொல்லலாம்.

ஆக, ஓசை மிகுந்த இரும்பு மூட்டு, கிரீஸ் கேட்கும் மூட்டு, எதுவும் கேட்காத இரப்பர் மூட்டு என்று வரலாறு படிப்படியாக அமைதியை நோக்கி வந்திருக்கிறது. இப்போது நம் இளைஞர்கள் வண்டியை ‘மோடிபை’ செய்யும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். காசு கொடுத்து அதே படிகளில் கீழே இறங்குகிறார்கள்!

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பந்தயக்காரர்களுக்கு அதற்குக் காரணம் உண்டு. இரப்பர் நெளிவதால் திருப்பத்தில் வண்டி சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கம் வேண்டாம் என்பவர்கள் இரப்பரை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் வண்டியின் அந்தப் பகுதியை ஒரு பழைய ஆண்டுக்குக் கொண்டு செல்கிறது. அந்த ஆண்டின் ஓசையும் கூடவே வந்துவிடுகிறது. மாற்றியமைத்த வண்டியில் ஓசை கேட்டால், ‘எந்த உறுப்பு கெட்டது?’ என்று தொடங்குவதைவிட, ‘இந்த ஓசை எந்தக் காலத்தைச் சேர்ந்தது?’ என்று தொடங்குவது எனக்கு எளிதாக இருக்கிறது.

‘கிறீச்’ என்பது கிரீஸ் காலத்து ஓசை. இரப்பர்ப் புஷ்ஷை எடுத்துவிட்டு, சிவப்பிலும் மஞ்சளிலும் வரும் பாலியூரித்தேன் புஷ்ஷைப் போடுகிறார்கள். ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937-இல் கண்ட பொருள் அது. கடினமானது, நீண்ட நாள் உழைப்பது. ஆனால் பெரும்பாலும் அது குழாயோடு ஒட்டியிருக்காது. குழாயின் மேல் சுழலும். சுழன்றால் கிரீஸ் வேண்டும். நம் ஊர் மழையில் கிரீஸ் கழுவப்பட்டதும் கிறீச்சிடும். மழை நாளில் ஈரம் பட்டு அடங்கி, வெயில் ஏறியதும் மறுபடி தொடங்கினால் ஐயமே வேண்டாம். ஆபத்தில்லை, எரிச்சல் மட்டுமே. 1948-இன் மோரிஸ் மைனரைப் போல அதற்கு உரிய கிரீஸைக் கொடுக்க வேண்டியதுதான்.

தூணின் தலையில் இருந்த இரப்பர்த் தலையணையை எடுத்துவிட்டு உலோக உருண்டை மூட்டு போட்டால், வண்டி பிளிமத்திற்கும் முந்தைய காலத்துக்குப் போய்விடும். ‘டக்டக்’ என்று ஒவ்வொரு சிறு கல்லும் காதில் விழும். புதிதாகப் போட்ட நாளிலிருந்தே ஒரே அளவில் கேட்டால் அது அதன் இயல்பு; நாளாக ஆகக் கூடினால் தேய்மானம். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வகைத் தூண்களில் பூட்டு வளையம் தளர்ந்திருந்தாலும் இதே ஓசை வரும். அதை இறுக்கினால் சில நிமிடத்தில் சிக்கல் தீரும்.

நின்ற இடத்தில் ஸ்டேரிங்கை ஒடிக்கும்போது ‘டங்’ என்று வில் நாண் தெறிப்பது போலக் கேட்டால் அது மெக்பர்சனின் ஓசை. திருப்பும்போது தூணும் வில்லும் சேர்ந்து சுழல வேண்டும். தலையிலுள்ள பேரிங் இறுகிவிட்டால், அல்லது வில் தன் இருக்கையில் சரியாக உட்காராவிட்டால், வில் முறுக்கிக்கொண்டு பிறகு துள்ளும். கையை வில்லின் மேல் வைத்து இன்னொருவரைத் திருப்பச் சொன்னால் அந்தத் துள்ளல் விரலுக்குத் தெரியும். (விரலை வில்லின் வளையங்களுக்கு இடையில் விட்டுவிடாதீர்கள்.)

புதிய வில் வாங்கக் காசில்லாமல் பழைய வில்லையே ஒன்றரைச் சுற்று அறுத்துவிடுவோரும் உண்டு. இதை மட்டும் நான் கடுமையாகவே சொல்வேன்: தயவு செய்து செய்யாதீர்கள். அறுத்த வில் குட்டையாகிறது, கடினமாகவும் ஆகிறது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வில் தளர்ந்து இருக்கையை விட்டு நகர்ந்து, மறுபடி உட்காரும்போது ‘கடகட’ என்று தட்டும். வண்டி தாழ்ந்துவிட்டதால் அப்சோர்பர் தண்டில் இருக்கும் தடுப்பு இரப்பர் எப்போதும் அழுந்தியே இருக்கும். ஒவ்வொரு மேட்டிலும் ‘தட்’. அதாவது அந்த வண்டி தன் வில்லின் மேல் ஓடவில்லை, ஓர் இரப்பர்த் துண்டின் மேல் ஓடுகிறது. மினியைப் போல என்று பெருமைப்பட முடியாது. மினியின் கூம்பு அந்த வேலைக்கென்றே பிறந்தது. இது அவசரத்திற்கு வைத்த தடுப்பு.

‘லொடலொட’ என்பது பெரும்பாலும் உருளாமல் காக்கும் குறுக்குக் கம்பியின் இணைப்புத் தண்டு. சிறு மேடுகளில், மெதுவாகப் போகும்போது நன்றாகக் கேட்கும். தாழ்த்திய வண்டியில் அந்தத் தண்டின் நீளம் பொருந்தாமல் கோணலாக நிற்பதால் சீக்கிரம் தேய்கிறது. முழுதும் ஒடித்துத் திருப்பி நகரும்போது ‘கடக் கடக்’ என்றால் அது சஸ்பென்ஷனே இல்லை, சக்கரத்தை ஓட்டும் தண்டின் மூட்டு. வேகம் கூடக்கூட ‘ஊம்’ என்று ஏறினால் சக்கரப் பேரிங். இவை இரண்டையும் குழப்பிக்கொண்டு அப்சோர்பர் மாற்றியவர்கள் பலர்.

இனி, அந்த ‘டொக்’.

பெரியவர் முதலில் வண்டியைத் தொடவே இல்லை. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரேக் போட்டு நிற்கச் சொன்னார்; ‘டொக்’. பின்னோக்கி நகர்த்திப் பிரேக் போடச் சொன்னார், மறுபடி ‘டொக்’. “அப்சோர்பரு பிரேக்குக்கா கத்தும், வாத்தியாரே?” என்றார். இவ்வளவு எளிய வினா எனக்கும் தோன்றவில்லை, இரு முறை காசு வாங்கியவர்களுக்கும் தோன்றவில்லை. வண்டி முன்னும் பின்னும் இழுபடும்போது வரும் ஓசை என்றால், முன்னும் பின்னும் இழுபடும் உறுப்பில் அல்லவா தேட வேண்டும்! கீழ்க்கரம்.

பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் இரப்பர்க் குழாயில் ஒரு முழம் எடுத்தார். ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கரத்தின் அருகே நீட்டி, என்னை வண்டியின் முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி விடச் சொன்னார். மருத்துவர் லென்னெக் 1816-இல் தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதுதான் இன்றைய ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதே கலை என் கண்முன் நடந்தது.

வண்டியைத் தூக்கி, தாங்கி வைத்துப் பார்த்தபோது கரத்தின் புஷ் கிழிந்திருந்தது. ஏன் கிழிந்தது என்பதுதான் பாடம். நான் மேலே சொன்னேனே, அந்த மூட்டு சுழலாது, திருகும் என்று. ஆலையில், வண்டி தன் உயரத்தில் நிற்கும் நிலையில் இரப்பர் திருகாமல் இருக்கும்படி போல்ட்டை இறுக்குகிறார்கள். என் அக்காள் மகன் வில்லை மட்டும் மாற்றினான்; அந்தப் போல்ட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கவில்லை. கரத்தின் நீளம் 35 சென்டிமீட்டர் என்று கொள்வோம். வண்டி 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால் இரப்பர் ஏறக்குறைய 8 பாகை திருகியபடியே நிற்கும். இரவும் பகலும், வண்டி கொட்டகையில் ஓய்வெடுக்கும்போதும். மேட்டில் ஏறும்போது அதற்கும் மேல் திருகும். பிழிந்த துணியை அவிழ்க்காமலே மேலும் மேலும் பிழிந்தால் எத்தனை நாள் தாங்கும்?

அதோடு முடியவில்லை. சக்கரத்தை மேலும் கீழுமாக, கடிகாரத்தின் 12-ஐயும் 6-ஐயும் பிடிப்பது போலப் பிடித்து ஆட்டச் சொன்னார். ஆடியது. கரத்தின் மறு முனையிலுள்ள பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தது. (இந்தப் ‘பால்’ நம் மரத்துப் பாலன்று, பந்து.) கிழிந்த புஷ் வழியாகக் கரம் முன்னும் பின்னும் அடித்துக்கொண்டே இருந்ததும், தாழ்ந்த வண்டியில் அந்தப் பந்து எப்போதும் சாய்ந்தே நின்றதும் சேர்ந்து அதைத் தின்றிருந்தன. அது கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிவிடும். மோரிஸ் மைனரைப் போலவே. துரையின் வண்டி தோட்டச் சடக்கில் 20 மைல் வேகத்தில் முட்டி போட்டது. நான் சித்தியவான் சாலையில், நான்கு பெற்றோரின் பிள்ளைகளோடு, 80 கிலோமீட்டர் வேகத்தில் போய் வந்திருக்கிறேன்.

பெரியவர் கரத்தையே புதிதாக மாற்றினார். போல்ட்டுகளைக் கையால் மட்டும் மாட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனரை எடுத்து இறுக்கினார். அதற்கு ஆன நேரம் பத்து நிமிடம் இருக்கும். ஓசை அன்றோடு நின்றது. கழற்றிய பழைய புஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது என் வகுப்பறை மேசையில் இருக்கிறது. மாணவர்கள் முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பார்கள். அவர்களுடைய பாட்டிமாருக்கு அந்த மணம் தெரியும். இன்று நம்மைச் சுற்றித் தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனைதான் நிற்கிறது. ஒட்டுப்பாலின் வாடையை அறிந்த பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

பெற்றோர்கள் சிலர் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். மோட்டார் வண்டிகளின் கட்டமைப்பும் பயன்பாடும் குறித்த 1959-ஆம் ஆண்டு விதிகளும், 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் நம் நாட்டில் உள்ளன. உயரத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. ஏற்கெனவே தாழ்த்திவிட்டவர்கள் உடனே செய்யக் கூடியது ஒன்று உண்டு: பட்டறைக்குப் போய், கீழ்க்கரத்துப் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போது தளர்த்தி இறுக்கினார்களா என்று கேளுங்கள். கேள்வியைப் புரிந்துகொள்ளாமல் விழிக்கும் பட்டறையாக இருந்தால் வேறு பட்டறைக்குப் போங்கள்.

நம் பள்ளி வாசலுக்கு வரும் அந்த மூன்றாவது வண்டியின் தந்தையிடம் இதையெல்லாம் இரண்டு வாரத்திற்கு முன் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “சம்பளம் வரட்டும் சார், பார்த்துடறேன்” என்றார். அவர் நிலைமை எனக்குத் தெரியும். அதற்கு மேல் வற்புறுத்த மனம் வரவில்லை. இன்று காலையும் வேகத்தடையில் இறங்கும்போது அந்த ‘டொக்’ கேட்டது. பின்னிருக்கையிலிருந்து மூன்று பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்கள்.